குழந்தைக்கு எண்ணவும் எண்களை அடையாளம் காணவும் சொல்லித் தருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டரை வயதிலிருந்து ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோர், பால்வாடி ஆசிரியைகள், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். ஒரு தடவை சொன்னதை மறுபடி சொல்லாமல், கேள்வி எண்ணை மட்டும் குறித்திருக்கிறோம்.

1. எங்க பாப்பாவுக்கு ரெண்டரை வயசு. இப்பவே எண்ணச் சொல்லித் தரலாமா, இல்ல சீக்கிரமா?

உட்கார வைத்துப் பாடம் நடத்த வேண்டாம். ஆனால் எண் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும், அதுவும் பொருளோடு சேர்ந்து: "ரெண்டு செருப்பு", "மூணு இட்லி", "ஒரு மூக்கு, ரெண்டு கண்ணு". பத்து வரை வேகமாகச் சொல்லிக் காட்டுவதைவிட, தட்டில் இருக்கும் மூன்று இட்லியைக் காட்டி "மூணு இட்லி" என்று சொல்வது இந்த வயதில் பல மடங்கு உதவும்.

எண்கள் ஒரேயடியாகப் புரிவதில்லை. முதலில் ஒன்று விளங்கும். சில மாதம் கழித்து இரண்டு. அப்புறம் மூன்று. இரண்டரையிலிருந்து நாலு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் இந்தப் படிகளில்தான் ஏறிக்கொண்டிருப்பார்கள். மூன்றோ நாலோ விளங்கிய பிறகுதான் "ஓ, எண்ணி முடிக்கும்போது சொல்ற சொல்தான் மொத்தம்" என்பது பிடிபடும். அதன் பிறகு ஐந்து, ஆறு, ஏழு எல்லாம் வேகமாக வந்துவிடும். அவசரப்படுத்தினாலும் நடுப்படிகளைத் தாண்ட முடியாது.

2. நூறு வரைக்கும் கடகடன்னு சொல்றான். ஆனா அஞ்சு ஸ்பூன் எடுத்துட்டு வாடான்னா கைநிறைய அள்ளிட்டு வர்றான். ஏன் இப்படி?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. நூறு வரை சொல்வது பாட்டை மனப்பாடமாகச் சொல்வது மாதிரி. அது தேவைதான், ஆனால் அதில் அளவு இல்லை. அதனால் "சொல்லு" என்று கேட்டுப் பார்க்காதீர்கள், "எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள்.

செய்யும் முறை இது. ஒரு கிண்ணத்தில் பத்து ஸ்பூன் போடுங்கள். பக்கத்தில் ஒரு தட்டு. "தட்டுல ஒரு ஸ்பூன் வை" என்று கேளுங்கள். சரியாக வைத்தால் எல்லாவற்றையும் திரும்பக் கிண்ணத்தில் போட்டுவிட்டு இரண்டு கேளுங்கள், பிறகு மூன்று. ஒவ்வோர் எண்ணையும் முன்பின்னாக மாற்றி மூன்று தடவை கேட்டு, இரண்டு தடவையாவது சரியாக வந்தால் அந்த எண் தெரியும் என்று எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை வைக்கும்போது தலையாட்டாதீர்கள், புருவத்தை உயர்த்தாதீர்கள். பிள்ளைகள் ஸ்பூனைப் பார்ப்பதைவிட உங்கள் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பார்கள், நீங்கள் சிரித்ததும் நிறுத்திவிடுவார்கள். எந்த எண்ணில் அள்ளிப் போட ஆரம்பிக்கிறார்களோ அங்கேதான் உங்கள் வேலை ஆரம்பிக்கிறது. மூன்றில் அள்ளினால் மூன்றும் நாலும்தான் இந்த மாதப் பாடம். இருபது வரை சொல்லத் தெரிந்தாலும் அதேதான்.

3. ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு சரியா எண்ணிட்டா. "மொத்தம் எத்தனை?"ன்னு கேட்டா மறுபடியும் முதல்ல இருந்து எண்றா.

அவளைப் பொறுத்தவரை "எத்தனை?" என்பது "எண்ணிக் காட்டு" என்ற உத்தரவு. கடைசியில் சொன்ன "நாலு" அந்தக் கடைசிப் பொருளின் பெயர் என்று நினைக்கிறாள், மொத்தத்தின் பெயர் என்று இன்னும் தெரியாது. சில பிள்ளைகள் "நாலை எடு" என்றால் நாலாவதாக இருந்த அந்த ஒரு எலுமிச்சம்பழத்தை மட்டும் எடுப்பார்கள். அதே குழப்பம்தான்.

முதலில் மொத்தத்தைச் சொல்லுங்கள், பிறகு எண்ணுங்கள், மறுபடி மொத்தத்தைச் சொல்லுங்கள். "இதோ பாரு, நாலு எலுமிச்சம்பழம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு எலுமிச்சம்பழம்!" கடைசி வரியைச் சொல்லும்போது எல்லாப் பழத்தையும் சேர்த்துக் கையால் ஒரு வட்டம் போடுங்கள். நாலுக்குள் இருந்தால் மொத்தத்தை எண்ணாமலே கண்ணால் பிடிக்க முடியும் என்பதால், இதற்கு நாலைத் தாண்ட வேண்டாம்.

4. தொட்டு எண்ணும்போது ஒண்ணை விட்டுடறான், இல்ல ஒண்ணையே ரெண்டு வாட்டி எண்றான். வரிசை நல்லா தெரியும்.

வாயும் கையும் ஒரே வேகத்தில் போகவில்லை. வாய் முந்தினால் ஒரே பொருளுக்கு இரண்டு எண் விழும். கை முந்தினால் பொருள் விட்டுப்போகும். தமிழில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் பேசும் "ஒண்-ணு, ரெண்-டு, மூ-ணு" எல்லாம் இரண்டு தட்டு உள்ள சொற்கள், "ஒம்-ப-து" மட்டும் மூன்று தட்டு. தாளம் போட்டுப் பழகிய பிள்ளை தட்டுக்கு ஒரு பொருளாகத் தொடும். உங்கள் பிள்ளை "ஒம்பது" சொல்லும்போது விரல் எங்கே போகிறது என்று பாருங்கள்.

தொடுவதற்குப் பதில் நகர்த்தச் சொல்லுங்கள். இடதுபக்கக் கிண்ணத்திலிருந்து வலதுபக்கக் கிண்ணத்துக்கு ஒவ்வொன்றாகப் போடும்போது, "டக்" என்று விழும் சத்தத்தோடு எண்ணைச் சொல்ல வேண்டும். விழாமல் சொல்லக் கூடாது, சொல்லாமல் போடக் கூடாது. அது நன்றாக வந்த பிறகு நேர்வரிசையில் அடுக்கித் தொட்டு எண்ணலாம். வட்டமாகவோ சிதறியோ கிடப்பதை எண்ணுவது கடைசிப் படி, ஏனென்றால் எங்கே ஆரம்பித்தோம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சில குடும்பங்களில் நெல் அளக்கும்போது ஒன்றுக்குப் பதில் "லாபம்" என்று சொல்லித் தொடங்கி, "ரெண்டு, மூணு" என்று போவார்கள். அழகான வழக்கம். பிள்ளை பக்கத்தில் இருந்தால் "முதல் மரக்காலுக்குத்தான் லாபம்னு பேரு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், போதும்.

5. இதுக்கெல்லாம் கடையில கிட் விக்குதே, வாங்கணுமா?

வேண்டாம். மூன்று பொருள் இருந்தால் ஐந்து வயது வரை ஓட்டலாம்.

முதலாவது, முட்டை அட்டை. முப்பது முட்டை அட்டையில் ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து குழி. இரண்டு இரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழி உள்ள மூன்று துண்டு கிடைக்கும். மேல் வரிசை ஐந்து நிறைந்த பிறகுதான் கீழ் வரிசைக்கு வர வேண்டும் என்பது விதி. ஏழு என்றால் "மேல அஞ்சு, கீழ ரெண்டு" என்று கண்ணுக்குத் தெரியும், இன்னும் மூன்று குழி காலி என்பதும் தெரியும். பின்னால் கூட்டல் கற்கும்போது இந்தப் படம் மனதில் நிற்கும்.

இரண்டாவது, புள்ளி அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஒட்டுப் பொட்டால் 1 முதல் 5 வரை புள்ளி வையுங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்று அட்டை, மூன்றிலும் அமைப்பு வேறாக இருக்கட்டும். ஒரு விநாடி காட்டி மறைத்து "எத்தனை?" என்று கேளுங்கள். எண்ண நேரம் கொடுக்காமல் கண்ணால் பிடிக்க வைப்பதுதான் நோக்கம். வாசலில் கோலம் போடும் வீட்டில் இதற்கு அட்டையே தேவையில்லை. மூன்றுக்கு மூன்று நேர்ப்புள்ளி வைத்து "ஒரு வரிசையில எத்தனை?" என்று கேட்டாலே ஆயிற்று.

மூன்றாவது, எண்ணுவதற்குப் புளியங்கொட்டை. இதில் எச்சரிக்கை முக்கியம். மூன்று வயது ஆகாத பிள்ளை கையில் புளியங்கொட்டை, மணி, சோழி, நிலக்கடலை, பட்டாணி எதையும் கொடுக்காதீர்கள். வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள், மூச்சுக்குழாயில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அவர்களுக்கு ஸ்பூன், டம்ளர், உருளைக்கிழங்கு, முழு எலுமிச்சம்பழம். மூன்று வயதுக்கு மேலும் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், முடிந்ததும் எண்ணி எடுத்து வைக்க வேண்டும். அதுவும் ஓர் எண்ணும் பயிற்சிதான்.

6. 1, 2, 3ன்னு எழுத்துருவத்தை எப்போ காட்டணும்? எந்த வரிசையில?

2ஆம் கேள்விச் சோதனையில் மூன்று வந்த பிறகு 1, 2, 3. அளவு தெரிந்த எண்ணுக்கு மட்டும் உருவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 4, 5. அதற்கப்புறம் வரிசைப்படியே போக வேண்டியதில்லை. ஒன்று போலத் தோன்றும் 6, 9 இரண்டையும் ஒரே வாரத்தில் கொண்டுவராதீர்கள். 6 நன்றாகப் பதிந்து இரண்டு வாரம் ஆன பிறகு 9 வரட்டும்.

ஒவ்வோர் உருவத்துக்கும் மூன்று படி. முதலில் நீங்கள் சொல்லுங்கள்: "இது நாலு." அடுத்து, இரண்டு மூன்று அட்டையை வைத்து "நாலு எங்கே?" கடைசியாக ஒன்றைக் காட்டி "இது என்ன?" பெரும்பாலோர் நேராக மூன்றாவதில் ஆரம்பித்து, பிள்ளைக்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டாவது படியில் நாலைந்து நாள் தங்குங்கள். அட்டை பக்கத்தில் அத்தனை புளியங்கொட்டை வைப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்கும் தினசரி காலண்டர் அருமையான கருவி. எண் பெரிதாக இருக்கும், தினமும் ஒன்று கூடும். தாளைக் கிழிக்கும் வேலையைப் பிள்ளைக்கே கொடுத்து, கிழித்த எண்ணையும் புது எண்ணையும் சொல்ல வையுங்கள். பஸ் எண்ணையும் வீட்டு எண்ணையும் வாசிக்கலாம், ஆனால் அவை பெயர் மாதிரிதான். 12ஆம் எண் பஸ் 5ஆம் எண் பஸ்ஸைவிடப் பெரிதில்லை என்று பிள்ளை கேட்டால், சரியாகத்தான் யோசிக்கிறது.

7. 3ஐத் திருப்பி எழுதறான், 7உம் அப்படித்தான். கண்ணுல கோளாறா?

ஆறு, ஆறரை வயது வரை இது சாதாரணம். ஒரு டம்ளரை எந்தப் பக்கம் திருப்பினாலும் டம்ளர்தான் என்று உலகம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. எழுத்துக்கும் எண்ணுக்கும் மட்டும் திசை முக்கியம் என்பது புது விதி. தப்பென்று சிவப்பு மையால் அடிக்காமல், தட்டில் ரவை பரப்பி உங்கள் விரலால் எழுதிக் காட்டி, அதன் மேலேயே அவன் விரலை ஓட்டச் சொல்லுங்கள். எங்கே ஆரம்பிப்பது என்று ஒரு புள்ளி வைத்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

8. எல்கேஜியில 1லிருந்து 50 வரை எழுதிட்டு வரச் சொல்றாங்க. அழறா. என்ன செய்ய?

நாலு வயதில் மணிக்கட்டும் விரல்களும் அதற்குத் தயாராக இல்லை. அந்த நோட்டைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பல பிள்ளைகள் முதலில் மேலிருந்து கீழே 2, 2, 2, 2 என்று பத்து தடவை எழுதிவிட்டு, அதன் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று இறங்குவார்கள். பக்கம் நிரம்பிவிடும். இருபத்து மூன்று என்ற எண் அவர்கள் மனதில் ஒரு தடவைகூட வந்திருக்காது.

ஆசிரியையிடம் பேசி, ஐம்பதுக்குப் பதில் ஐந்து எண் எழுதி ஒவ்வொன்றின் பக்கத்திலும் அத்தனை புள்ளி வைத்து அனுப்பலாமா என்று கேளுங்கள். கேட்டால் பல ஆசிரியைகள் ஒத்துக்கொள்கிறார்கள். எழுதப் பழக்க நோட்டைவிடச் சிலேட்டு நல்லது. சாக்பீஸை இரண்டு சென்டிமீட்டர் துண்டாக உடைத்துக் கொடுங்கள். துண்டு சின்னதாக இருந்தால் முஷ்டியில் பிடிக்க முடியாது, விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும். எண்ணும் சிலேட்டு உயரத்துக்குப் பெரிதாக இருக்கட்டும்.

9. ஸ்கூல்ல ஒன், டூ, த்ரீ. வீட்ல ஒண்ணு, ரெண்டு. ரெண்டும் குழப்பாதா? எதை முதல்ல?

பிள்ளை எந்த மொழியில் சோறு கேட்கிறதோ அந்த மொழியில் முதலில். நாலு என்றால் எவ்வளவு என்று ஒரு மொழியில் புரிந்தால் போதும், இன்னொரு மொழிக்கு வெறும் பெயர் மாற்றம்தான். ஒரே ஒரு கட்டுப்பாடு: எண்ண ஆரம்பித்த மொழியிலேயே முடிக்க வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, த்ரீ" என்று நடுவில் மாறினால் எண் விட்டுப்போகும்.

பத்தைத் தாண்டும்போது தமிழில் ஒரு வசதி உண்டு. பதிமூன்று என்றால் பத்தும் மூன்றும், சொல்லிலேயே இருக்கிறது, எழுதும் வரிசையும் அதேதான். ஆங்கிலத்தில் லெவன், ட்வெல்வ் என்பவற்றில் பத்து கண்ணுக்குத் தெரியாது. தர்ட்டீனில் மூன்று முதலில் ஒலிப்பதால் பிள்ளைகள் 31 என்று எழுதுவார்கள், தர்ட்டியோடும் குழம்புவார்கள். ஆங்கிலவழிப் பள்ளிப் பிள்ளைக்கும் 11 முதல் 19 வரை தமிழில் ஒரு தடவை விளக்கிவிட்டால் அந்தக் குழப்பம் குறையும். முட்டை அட்டை ஒன்று முழுதாக நிறைந்து, அடுத்ததில் மூன்று: பதி-மூன்று.

10. இருபத்தொம்பதுக்கு அப்புறம் "இருபத்திப்பத்து"ன்னு சொல்றா. சிரிப்பு வருது, ஆனா எப்படித் திருத்த?

சிரிக்காமல் பாராட்டுங்கள். யாரும் சொல்லித்தராத சொல் அது. அவளே விதியைக் கண்டுபிடித்துப் போட்டிருக்கிறாள், கணக்கும் சரி. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிக் கட்டை எடுங்கள் (நுனியைக் கிள்ளிவிட்டு). இரண்டு கட்டும் ஒன்பது குச்சியும் வைத்து, இன்னொரு குச்சி சேர்த்ததும் அந்தப் பத்தையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்ட வேண்டும். இப்போது மூன்று கட்டு: முப்பது. தனியாகப் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று பத்துகளின் வரிசையும் வாயில் பழகியிருக்க வேண்டும்.

11. எண்பது வரை நல்லா வந்தது. தொண்ணூத்தி ஒண்ணு எழுதச் சொன்னா 101ன்னு எழுதறான்.

இது தமிழின் சிக்கல், பையன் மேல் தப்பில்லை. இருபது முதல் எண்பது வரை எல்லாம் "பது" என்று முடிகின்றன. தொண்ணூறு மட்டும் "நூறு" என்று முடிகிறது. தொண்ணூற்றொன்றில் நூற்றொன்று அப்படியே காதில் விழுகிறது, அவன் கேட்டதை எழுதுகிறான். பின்னால் தொள்ளாயிரத்தில் இதே சிக்கல் மறுபடி வரும், அங்கே ஆயிரம் ஒளிந்திருக்கும்.

10ஆம் பதிலில் சொன்ன கட்டுகளை ஒன்பது அடுக்கி "ஒம்பது பத்து, அதுக்குத் தொண்ணூறுன்னு பேரு" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் பத்துக் கட்டை ஒரே துணியில் சேர்த்துக் கட்டி நூறு என்று வையுங்கள். பிறகு 91, 101 இரண்டையும் குச்சியில் கட்டச் சொல்லி, எது பெரிது என்று கேளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் எதிரெதிரே வைப்பது 6, 9 விஷயத்தில் சொன்னதற்கு மாறாகத் தோன்றலாம். அங்கே உருவம் புதிது. இங்கே இரண்டின் அளவும் தெரியும், பிரித்துக் காட்டுவதுதான் வேலை.

12. பூஜ்யத்தை எங்க சேர்க்கறது? முதல்லயா?

ஐந்து வரை அளவும் உருவமும் வந்த பிறகு. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் குச்சிப் பெட்டி இதற்கு நல்ல வழி. 0 முதல் 9 வரை எழுதிய பத்து அறைகள், மொத்தம் 45 குச்சி. வீட்டில் பத்து டம்ளரும் 45 ஐஸ் குச்சியும் போதும். ஒவ்வொரு டம்ளரிலும் எழுதியிருக்கும் அளவுக்குக் குச்சி போட வேண்டும். 0 டம்ளர் காலியாகவே நிற்கும், அதைப் பார்த்துப் பிள்ளை கேட்கும் கேள்விதான் பூஜ்யத்தின் பாடம். கடைசியில் குச்சி மிஞ்சினாலோ குறைந்தாலோ எங்கோ தப்பு என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

13. தாயம், பரமபதம் ஆடினா எண் வருமா?

வரும், ஆனால் ஆடும் முறையில் இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 1 முதல் 10 வரை நேர்வரிசையில் கட்டம் போட்ட எளிய ஆட்டத்தைப் பாலர் பள்ளிப் பிள்ளைகள் பதினைந்து நிமிடம் வீதம் நாலு தடவை ஆடியதிலேயே எண்களின் அளவைப் புரிந்துகொள்வதில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. எண்ணுக்குப் பதில் நிறம் போட்ட அதே ஆட்டத்தில் அது இல்லை.

பரமபதப் பலகை ஒரு வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம் என்று வளைந்து போகும். நாலு வயதுப் பிள்ளை முனையில் திசை தவறிவிடும். அதனால் முதலில் தரையில் சாக்பீஸால் நீளமாகப் பத்துக் கட்டம். காய் 4இல் இருக்கிறது, இரண்டு விழுந்தது என்றால் "ஒண்ணு, ரெண்டு" என்று நகர்த்தாமல் "அஞ்சு, ஆறு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். பலன் இதில்தான். தாயக்கட்டையில் இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்பது சின்னப் பிள்ளைக்கு விளங்காது, ஒரு கட்டையை மட்டும் உருட்டுங்கள். நாலரை வயதுக்கு மேல் பல்லாங்குழி: பதினாலு குழி, குழிக்கு ஐந்து. குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவது 4ஆம் பதிலில் சொன்ன பயிற்சியேதான்.

14. விரல் விட்டு எண்றதை நிறுத்தச் சொல்லி மிஸ் சொல்றாங்க.

ஏழு வயது வரையாவது விடுங்கள். விரல் பிள்ளையோடு எப்போதும் இருக்கும் கருவி. பெரியவர்கள் கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணும் முறை அப்புறம் வரட்டும். முதலில் முழு விரல்தான், ஒரு கை ஐந்து என்பது பதிய வேண்டும். "ஆறு காட்டு" என்றால் ஒவ்வொன்றாக எண்ணாமல் ஒரு கையை முழுதாக விரித்து இன்னொரு கையில் ஒரு விரல் காட்ட வந்துவிட்டால், விரல் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக விலகும்.

15. அஞ்சு கொட்டையை நெருக்கி வெச்சா அஞ்சுங்கறான், பரப்பி வெச்சா "இப்ப நிறைய"ங்கறான். எண்ணத் தெரிஞ்ச பிள்ளைதான்.

ஷான் பியாஜே என்ற சுவிஸ் அறிஞர் கவனித்து எழுதிய விஷயம் இது. ஆறு ஏழு வயது வரை பல பிள்ளைகள் நீளத்தைப் பார்த்து அளவு சொல்வார்கள். திருத்த வேண்டாம். "எப்படிப் பார்க்கலாம்?" என்று கேட்டு, இரண்டு வரிசையையும் ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர்க்க விடுங்கள்.

16. எந்த வயசுக்கு எவ்வளவு தெரிஞ்சா போதும்? பக்கத்து வீட்டுப் பையன் யுகேஜியிலயே 1000 வரை எழுதறானாம்.

2021இல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின் இலக்கு இது: ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆண்டில் 10 வரை அடையாளம் கண்டு வாசிப்பது. ஒன்றாம் வகுப்பு முடிவில் 99 வரை, இரண்டாம் வகுப்பில் 999 வரை, மூன்றாம் வகுப்பில் 9999 வரை வாசித்து எழுதுவது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் தொடக்கத்திலேயே மூன்றாம் வகுப்பு வரை அடிப்படைக்கு நேரம் ஒதுக்கியது. யுகேஜி பிள்ளை பத்துப் பொருளைப் பிழையில்லாமல் எண்ணி, எடுத்துக் கொடுத்து, 10 வரை வாசித்தால் நன்றாகவே இருக்கிறது.

17. அஞ்சு வயசு முடிஞ்சிடுச்சு. இன்னும் மூணு எடுத்துக் கொடுக்க வரல. பயப்படணுமா?

முதலில், 2ஆம் பதிலில் சொன்ன சோதனையை வேறு வேறு நாளில், பசியோ தூக்கமோ இல்லாத நேரத்தில் இரண்டு தடவை செய்து பாருங்கள். பிறகு இரண்டு மாதம், தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் 3, 4, 5ஆம் பதில்களில் சொன்னதைச் செய்யுங்கள். பல பிள்ளைகளுக்கு வராததற்குக் காரணம், ஒப்பிக்க மட்டும் வைத்து எடுத்துக் கொடுக்க யாரும் கேட்காததுதான்.

அதன் பிறகும் நகரவில்லை என்றால் முதலில் காதையும் கண்ணையும் பாருங்கள். சளியால் அடிக்கடி காது அடைக்கும் பிள்ளைக்கு ஏழும் எட்டும் ஒன்றாகக் கேட்கலாம். பேச்சு, நடை, விளையாட்டு எல்லாவற்றிலும் சேர்ந்தே தாமதம் தெரிந்தாலோ, இரண்டும் மூன்றும் கண்ணால் பார்த்துப் பிரிக்க வராவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் போங்கள். மாவட்டங்களில் அரசு மருத்துவமனையோடு சேர்ந்த ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் கட்டணமில்லாமல் பார்ப்பார்கள். டிஸ்கால்குலியா எனும் கணிதக் கற்றல் குறைபாட்டைப் பள்ளிப் பாடம் ஓரளவு நடந்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும், ஐந்து வயதில் யார் அந்தப் பெயரைச் சூட்டினாலும் ஏற்றுக்கொள்ள வேண்டாம். போகும்போது சோதனையில் எந்த எண் வரை வந்தது, எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். "கணக்கு வரல" என்பதைவிட "ரெண்டு கொடுக்கிறான், மூணு கேட்டா அள்ளுறான், ரெண்டு மாசமா அங்கேயே நிக்கறான்" என்று சொன்னால் மருத்துவருக்கு உடனே புரியும்.